கருவேலம் இனி ‘அகேசியா’ இல்லை: குரங்கணி மலைப்பாதையில் ஒரு பெயர்ப் பஞ்சாயத்து

போடிநாயக்கனூரில் இருந்து குரங்கணி போகும் ரோடு ரொம்ப நீளம் இல்லை. ஆனால் அந்த ரோட்டையும், அதற்கு மேல் ஏறும் மலைப்பாதையையும் சேர்த்துப் பார்த்தால், தாவரவியல் உலகம் பல வருஷம் அடித்துக்கொண்ட ஒரு சண்டையின் முக்கியமான கதாபாத்திரங்கள் எல்லாமே அங்கே நிற்கின்றன.

கீழே சமவெளியில், கண்மாய்க் கரையிலும் தரிசு நிலத்திலும் கருவேலம், வெள்வேல், சீமைக் கருவேலம். கொஞ்சம் ஏறி அடிவாரக் காட்டுக்குள் நுழைந்தால், மரங்கள் மேல் படர்ந்து கிடக்கும் சீகைக்காய்க் கொடி. குரங்கணியைத் தாண்டி டாப் ஸ்டேஷனுக்கு ஏறி, கேரளப் பக்கம் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா வரை போனால், புல்வெளியை விழுங்கி நிற்கும் வாட்டில் மரங்கள்.

இதில் சீமைக் கருவேலத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், அதற்குப் பிறகு வருவோம். மற்ற நான்குக்கும் நம்ம அப்பா அம்மா காலத்துப் புத்தகங்களில் ஒரே இனிஷியல்தான்: அகேசியா. கருவேலம் ‘அகேசியா நிலோட்டிகா’. வெள்வேல் ‘அகேசியா லுக்கோஃபுளோயா’. சீகைக்காய் ‘அகேசியா கன்சின்னா’. வாட்டில் ‘அகேசியா மியர்ன்சி’.

இன்றைக்கு அந்தப் பெயரை அதிகாரபூர்வமாக வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த வாட்டில். ‘அகேசியா’ என்ற பெயரே எந்த மரத்துக்காக வைக்கப்பட்டதோ, அந்தக் கருவேலத்திடம் அந்தப் பெயர் இல்லை.

‘பேருதானே பாஸ், போனா போகட்டும்’ என்று தோன்றலாம். ஆனால் எந்த மரத்தை வெட்டலாம், எதை விடணும் என்று கோர்ட் உத்தரவு வரும்போதும், ஒரு மரத்தை அழிக்க வெளிநாட்டுப் பூச்சியை இறக்கலாமா என்று முடிவெடுக்கும்போதும், பெயர் என்பது வெறும் பெயராக இருப்பதில்லை.

யாருடைய பெயர் இது?

கிரேக்கர்கள் எகிப்தின் முள்மரம் ஒன்றை ‘அகாகியா’ என்று அழைத்தார்கள். முள், கூர்முனை என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லில் இருந்து அது வந்ததாக விளக்கம் சொல்வார்கள். 1753-ல் லின்னேயஸ் அந்த மரத்துக்கு ‘மைமோசா நிலோட்டிகா’ என்று பெயர் வைத்தார். நிலோட்டிகா என்றால் நைல் நதிக்காரி. அடுத்த வருஷமே, 1754-ல், இங்கிலாந்தின் தோட்டக்கலை நிபுணர் ஃபிலிப் மில்லர் ‘அகேசியா’வைத் தனிப் பேரினமாகப் பதிவு செய்தார்.

இங்கே ஒரு ரூல் தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும். தாவரவியலில் ஒவ்வொரு பேரினத்துக்கும் ஒரு ‘வகைமாதிரி’ உண்டு. அந்தப் பெயர் எந்தச் செடியோடு கட்டப்பட்டிருக்கிறதோ, அதுதான் வகைமாதிரி. ஒரு பெரிய கூட்டுக் குடும்பம் நாலாகப் பிரிந்தால், வகைமாதிரி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் பழைய குடும்பப் பெயரும் போகும். மற்ற பங்காளிகள் வேறு பெயர் தேடிக்கொள்ள வேண்டும். அகேசியாவின் வகைமாதிரியாக ஏற்கப்பட்டிருந்தது நிலோட்டிகா. அதாவது நம்ம கருவேலம்.

19-ம் நூற்றாண்டில் ஜார்ஜ் பென்தம் என்ற தாவரவியலாளர் அகேசியாவின் எல்லையை வகுத்தார். அவர் பார்த்தது முக்கியமாகப் பூவின் மகரந்தத் தாள்களை. எண்ணிக்கை நிறைய, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தனித்தனி என்றால் அகேசியா. கருவேலப் பூவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் தெரியும். அந்த மஞ்சள் பஞ்சு உருண்டையில் நீட்டிக்கொண்டிருப்பது எல்லாம் மகரந்தத் தாள்கள்தான். கண்டுபிடிக்க ஈசியான அடையாளம். அதனாலேயே ஆப்பிரிக்கா, இந்தியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று எங்கெங்கோ இருந்த 1,300-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தன.

டிஎன்ஏ வந்து கலைத்த கூட்டுக் குடும்பம்

சந்தேகம் முன்பே இருந்தது. 1986-லேயே ஆஸ்திரேலியத் தாவரவியலாளர் லெஸ் பெட்லி இதை மூன்றாக உடைக்க வேண்டும் என்று எழுதினார். 1990-களின் கடைசியிலும் 2000-களிலும் டிஎன்ஏ ஆய்வுகள் வரிசையாக வந்தபோது விஷயம் உறுதியானது. அகேசியா ஒரு குடும்பமே இல்லை. ஒரே மாதிரி சட்டை போட்டிருந்த வெவ்வேறு குடும்பங்கள்.

ஆஸ்திரேலிய வாட்டில் மரங்களுக்கு நெருங்கிய சொந்தம் கருவேலம் கிடையாது. நம்ம ஊர் வாகை, கொடுக்காப்புளி, ஸ்கூல் வாசலில் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரம் இருக்கும் கிளையில்தான் வாட்டிலும் உட்காருகிறது. கருவேலம் வேறு கிளை. சீகைக்காய் வேறு கிளை.

ஆக, வீட்டைப் பிரித்தே ஆகணும். ஐந்து பங்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களோடு ஆஸ்திரேலியப் பங்கு மிகப் பெரியது. கருவேலம் இருக்கும் பங்கில் சுமார் 160. சீகைக்காய் இருக்கும் பங்கில் சுமார் 200. மீதி இரண்டு அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த சின்னப் பங்குகள்.

ரூல்படி கருவேலப் பங்குக்குத்தான் ‘அகேசியா’ என்ற பெயர். ஆஸ்திரேலியாவின் ஆயிரம் மரங்களும் ‘ராகோஸ்பெர்மா’ என்று மாற வேண்டும். இங்கேதான் பஞ்சாயத்து ஆரம்பித்தது.

வியன்னாவில் 55 சதவீதம் தோற்ற கதை

ஆஸ்திரேலியாவுக்கு இது சென்டிமென்ட் மேட்டர். அவர்களின் தேசிய மலரே கோல்டன் வாட்டில், தாவரவியல் பெயர் ‘அகேசியா பிக்னாந்தா’. கிரிக்கெட்டில் நாம் பார்த்துப் பழகிய அந்தப் பச்சை-தங்க நிற ஜெர்சி வாட்டிலின் நிறம்தான். ஆயிரம் மரங்களின் பெயரை மாற்றுவது என்றால் நர்சரி, மர வியாபாரம், பூங்கா போர்டு, பாடப்புத்தகம் எல்லாவற்றையும் மாற்றுவது.

2003-ல் ஆஸ்திரேலியாவின் ஆர்ச்சர்ட், மாஸ்லின் என்ற இரு தாவரவியலாளர்கள் ஒரு முன்மொழிவு வைத்தார்கள்: வகைமாதிரியையே மாற்றிவிடலாம். கருவேலத்துக்குப் பதிலாக ‘அகேசியா பென்னிநெர்விஸ்’ என்ற ஆஸ்திரேலிய மரத்தை வகைமாதிரி ஆக்கினால், மொத்தத்தில் பெயர் மாற வேண்டிய மரங்களின் எண்ணிக்கை குறையும் என்பது வாதம். கணக்காகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இந்த மரங்களோடு வாழ்கிற மக்கள் எத்தனை கோடி என்று யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது எதிர்த்தரப்பின் கோபம். ஆப்பிரிக்கப் புல்வெளி என்றதும் நம் கண் முன் வரும் அந்தக் குடை மாதிரி மரமும் அகேசியாதானே?

முன்மொழிவை நிபுணர் குழு ஏற்றது. 2005-ல் வியன்னாவில் நடந்த சர்வதேசத் தாவரவியல் மாநாட்டில் வாக்கெடுப்பு. குழுவின் பரிந்துரைக்கு எதிராக விழுந்தவை சுமார் 55 சதவீத வாக்குகள். ஆனாலும் பரிந்துரைதான் ஜெயித்தது. எப்படி? குழு ஏற்றுக்கொண்ட ஒன்றைக் கவிழ்க்க 60 சதவீதம் வேண்டும் என்பது அங்கே பின்பற்றப்பட்ட விதி. மெஜாரிட்டி வேண்டாம் என்று சொன்ன முடிவு, விதிப்படி அமலுக்கு வந்தது.

அடுத்த ஆறு வருஷம் கட்டுரை, பதில் கட்டுரை, மறுப்பு என்று ஒரே அனல். 2011-ல் அடுத்த மாநாடு கூடியது மெல்போர்னில். ஆமாம், ஆஸ்திரேலியாவிலேயேதான். அங்கே வியன்னா முடிவு உறுதி செய்யப்பட்டது. நடுநிலையான மைதானத்தில் மேட்ச் வைத்திருக்கலாம் என்று நினைக்கத் தோன்றும்தான். ஆனால் மாநாட்டின் இடம் இதற்காகத் தேர்வானது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. வாட்டில் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு முள்ளே கிடையாது. முள்ளின் பெயரை முள் இல்லாத மரங்கள் கொண்டுபோய்விட்டன.

புதுப் பெயருக்கு ஒரு மெட்ராஸ் கனெக்‌ஷன்

அப்போது கருவேலத்தின் புதுப் பெயர் என்ன? வாச்செலியா நிலோட்டிகா.

இது மாநாட்டில் உட்கார்ந்து புதிதாக யோசித்த பெயர் இல்லை. பிரிந்துபோகும் பங்குக்கு யாராவது ஏற்கெனவே வைத்த பெயர் இருந்தால், அதில் பழையதைத்தான் எடுக்க வேண்டும். தேடியபோது கிடைத்தது 1834-ல் வெளியான தென்னிந்தியத் தாவரங்கள் பற்றிய ஒரு நூல். எழுதியவர்கள் ராபர்ட் வைட், ஜார்ஜ் வாக்கர் ஆர்னாட். வைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டராக மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர். வந்த இடத்தில் செடி சேகரிப்பதே முழுநேர வேலை ஆகிவிட்டது. ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள் அவருக்காக வரைந்த தாவரப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

அந்த நூலில் கஸ்தூரி வேல் மரத்துக்கு வைட்டும் ஆர்னாட்டும் வைத்த பேரினப் பெயர்தான் வாச்செலியா. சீனாவில் கம்பெனியின் பாதிரியாராக இருந்து செடிகள் சேகரித்த ஜார்ஜ் ஹார்வி வாச்செல் என்பவரின் நினைவாக. பிறகு வந்தவர்கள் அதை அகேசியாவுக்குள் சேர்த்துவிட்டதால், பெயர் கிட்டத்தட்ட தூங்கிப்போனது. 2005-க்குப் பிறகு திடீரென ஆப்பிரிக்கா முதல் அமெரிக்கா வரை இருக்கும் 160 மரங்களின் குடும்பப் பெயர் ஆகிவிட்டது. (கஸ்தூரி வேலே அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்த மரம் என்பது தனி ட்விஸ்ட்.)

சீகைக்காயின் பங்குக்குக் கிடைத்த பெயர் ‘செனகாலியா’. 1838-ல் ராஃபினெஸ்க் என்பவர் வைத்தது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு இடத்தில் மறுபடி வருவார். சீகைக்காய் இப்போது செனகாலியா ருகாட்டா. காசுக்கட்டி எடுக்கும் கருங்காலி, செனகாலியா கட்டெச்சு.

கருங்காலி என்றதும் இன்ஸ்டாகிராமில் பார்த்த கருங்காலி மாலை ஞாபகம் வருகிறதா? அங்கேயும் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. தமிழில் கருங்காலி என்ற ஒரே பெயர், இந்தச் செனகாலியாவுக்கும் வழங்குகிறது, இதோடு சம்பந்தமே இல்லாத எபனி மரத்துக்கும் வழங்குகிறது. எபனி அவரைக் குடும்பத்திலேயே கிடையாது. விற்பவரிடம் ‘எந்தக் கருங்காலி அண்ணே?’ என்று கேட்டுப் பாருங்கள்.

நம்ம ‘வேல்’ தப்பவில்லை

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

தமிழில் கருவேல், வெள்வேல், குடைவேல், கஸ்தூரி வேல் என்று ஒரு வரிசை இருக்கிறது. இந்த நான்கும் புதிய வகைப்பாட்டில் எங்கே போயின என்று பாருங்கள். நான்குமே வாச்செலியா. செனகாலியாவுக்குப் போன சீகைக்காயையும் கருங்காலியையும் யாரும் வேல் என்று சொன்னதில்லை. ஐரோப்பியத் தாவரவியல் இவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவைத்திருந்த காலம் முழுக்க, நம்ம ஊர் ஆடு மேய்ப்பவர்கள் வேலைத் தனியாகவும் சீகையைத் தனியாகவும்தான் வைத்திருந்தார்கள்.

ஓவராகப் பெருமைப்படவும் வேண்டாம். ஊருக்கு ஊர் பெயர் மாறும். குடைவேலைத் தெற்கே உடைமரம் என்பார்கள். சில நூல்கள் வெள்வேல் என்ற பெயரையே செனகாலியா மரம் ஒன்றுக்கும் கொடுக்கின்றன. நூறு சதவீதம் பொருந்தாது. ஆனால் முள்ளையும் பூவையும் காயையும் சேர்த்துப் பார்த்துப் பெயர் வைத்த கண், மகரந்தத் தாளை மட்டும் எண்ணிய கண்ணைவிட உறவைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

வெள்வேல் பற்றி ஒரு சின்னத் தகவல்: ‘பட்டைச் சாராயம்’ என்ற சொல்லில் இருக்கும் பட்டை, பெரும்பாலும் இந்த மரத்தின் பட்டைதான்.

சீமைக் கருவேலம்: கருவேலமே இல்லாத கருவேலம்

இப்போது ஓரமாக எடுத்து வைத்த மரத்துக்கு வருவோம்.

சீமைக் கருவேலம் இந்த அகேசியா பாகப்பிரிவினையில் சேர்ந்தது இல்லை. அதன் பெயர் ‘ப்ரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா’. அமெரிக்கக் கண்டத்து மரம். 1877-ல் ஜமைக்காவில் இருந்து விதை வரவழைத்து, அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் கடப்பா பகுதியில் நட்டார்கள். விறகுக்கும் வறண்ட நிலத்தைப் பச்சையாக்கவும். அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

இந்த ப்ரோசோபிஸ் வீட்டுக்குள்தான் நம்ம வன்னி மரமும் இருந்தது. கோயில் தல விருட்சம், விஜயதசமி பூஜை, ராஜஸ்தானின் மாநில மரம் எல்லாம் ஆன அதே வன்னி, ப்ரோசோபிஸ் சினரேரியா. ஊரே வெட்டி எறியச் சொல்லும் மரமும், ஊரே கும்பிடும் மரமும் காகிதத்தில் அண்ணன் தம்பி.

2022-ல் காலின் ஹியூஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் டிஎன்ஏ ஆதாரத்தோடு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ப்ரோசோபிஸும் உண்மையான குடும்பம் இல்லை என்று சொல்லி, அதை நான்காகப் பிரித்தார்கள். இங்கே வகைமாதிரி எது தெரியுமா? வன்னி. அதனால் ப்ரோசோபிஸ் என்ற பெயர் வன்னியோடும் அதன் ஆசியச் சொந்தங்களோடும் தங்கிவிட்டது. சீமைக் கருவேலம் 40-க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிற்றினங்களோடு ‘நெல்டூமா’ என்ற பேரினத்துக்கு மாறியது. நெல்டூமா என்ற பெயரும் அதே ராஃபினெஸ்க், செனகாலியா வந்த அதே 1838 நூலில் வைத்ததுதான். வாழ்ந்த காலத்தில் அவருடைய பெயர்களை அநேகம் பேர் கண்டுகொள்ளவில்லை. இப்போது பல கண்டங்களின் மரங்கள் அவர் வைத்த பெயரில் நிற்கின்றன.

இனி கூகுளில் ‘நெல்டூமா ஜூலிஃப்ளோரா’ என்று பார்த்தால் புது மரம் என்று நினைக்காதீர்கள். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் ஆன்லைன் தாவரப் பட்டியலும் அந்தப் பெயரைத்தான் ஏற்றிருக்கிறது.

எது எந்த மரம்? முள்ளைப் பாருங்க

அடுத்த முறை போடி பக்கம் போகும்போது மொபைல் கேமராவை முள்ளுக்கு ஜூம் பண்ணுங்கள். பேரினத்தைக் கண்டுபிடிக்க அது பெரிய உதவி.

வாச்செலியாவின் முள், இலைக்காம்பின் அடியில் இருக்க வேண்டிய இலையடிச் செதில் முள்ளாக மாறியது. அதனால் ஜோடி ஜோடியாக, நேராக, இலை முளைக்கும் இடத்தில் இருக்கும். செனகாலியாவுக்கு அப்படி இல்லை. ரோஜாச் செடி மாதிரி, தோலில் இருந்து கிளம்பும் கொக்கி முள். சீகைக்காய்க் கொடியில் சட்டை மாட்டினால் ஏன் எடுக்கவே முடிவதில்லை என்பதற்கு இதுதான் காரணம். கொடி மரம் ஏறுவதும் அந்தக் கொக்கியைப் பிடித்துத்தான்.

சீமைக் கருவேலத்துக்கும் முள் கணுவில்தான், பெரும்பாலும் ஜோடியாக. அதனால் முள்ளை மட்டும் பார்த்தால் கருவேலத்தோடு குழம்பும். பூவையும் காயையும் பாருங்கள். கருவேலப் பூ மஞ்சள் உருண்டை; சீமைக் கருவேலப் பூ பூனை வால் மாதிரி நீளமான கதிர். கருவேலக் காய் மணி கோத்த மாலை மாதிரி, விதைக்கு விதை இறுகி, மேலே சாம்பல் வெள்ளைப் பூச்சோடு இருக்கும். சீமைக் கருவேலக் காய் வெளிர் மஞ்சளாக, தட்டையாக, இனிப்பாக இருக்கும். ஆடு மாடு அதைத் தின்று ஊரெல்லாம் விதைப்பது அந்த இனிப்பால்தான். வன்னிக்கும் பூ கதிர்தான், ஆனால் முள் சின்னதாக, கணுவைப் பார்க்காமல் கிளை முழுக்கச் சிதறிக் கிடக்கும். வாட்டிலில் முள்ளைத் தேட வேண்டாம்.

வெட்டும்போது தெரியும் வித்தியாசம்

2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தென்மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. ஜேசிபிகள் இறங்கின. கூடவே ஒரு கவலையும் எழுந்தது. ‘கருவேலம்’ என்று பேச்சுவழக்கில் சொல்லும்போது எந்தக் கருவேலம்? கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேலத்தையும், இலை பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும் வன்னியையும் சேர்த்துச் சாய்த்துவிட்டால்? ராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுவது கண்மாய்க் கருவேல மரங்களில்தான். வெட்டிய பிறகு பெயரைத் திருத்தி என்ன பயன்?

அதே ஆண்டு உயர் நீதிமன்றம் அகற்றும் பணிக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2022-ல் தமிழக அரசு அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. அந்தக் கொள்கை வந்த அதே வருஷம்தான் சீமைக் கருவேலத்தின் அறிவியல் பெயரும் மாறியது. அரசாணை ஒரு பெயரையும் ஆய்வுக்கட்டுரை இன்னொரு பெயரையும் சொன்னால், களத்தில் நிற்கும் வனக்காப்பாளருக்கு இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

சரி, வெட்டுவதற்குப் பதில் பூச்சியை விட்டால் என்ன? தென்னாப்பிரிக்கா அதைத்தான் செய்தது. அமெரிக்காவில் இந்த மரத்தின் விதையைத் தின்னும் வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் வன்னி கிடையாது. நம்மிடம் இருக்கிறது. ஒரு பூச்சியை இங்கே இறக்கும் முன் முதல் கேள்வியே ‘இது வன்னியையும் தின்னுமா?’ என்பதாகத்தான் இருக்க முடியும். பூச்சிகள் பொதுவாக நெருங்கிய சொந்தக்கார மரங்களுக்குத்தான் தாவும். அதனால் சொந்தம் எவ்வளவு நெருக்கம் என்பது இங்கே அகாடமிக் கேள்வி இல்லை.

இதே கேள்வியோடு ஆஸ்திரேலியர்கள் தமிழ்நாட்டுக்கே வந்திருக்கிறார்கள். நம்ம கருவேலம் அங்கே போய் வில்லன் ஆன கதை அது. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் குயின்ஸ்லாந்துக்குப் போன இந்தியக் கருவேலம், ஆடுகளுக்கு நிழலும் தீவனமும் தரும் என்று பரப்பப்பட்டது. இன்று அங்கே லட்சக்கணக்கான ஹெக்டேர் புல்வெளியில் பரவி, தேசிய அளவில் கட்டுப்படுத்த வேண்டிய களை என்ற பட்டியலில் இருக்கிறது. அதைக் கட்டுப்படுத்தும் பூச்சியைத் தேடி, கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டின் கருவேல மரங்களில் ஆய்வு நடத்தினார்கள். கிடைத்த சில பூச்சிகள், ஆய்வகச் சோதனையில் கருவேலத்தை மட்டுமின்றி அவர்களின் சொந்த அகேசியாக்களையும் சாப்பிட்டதால் கைவிடப்பட்டன. பெயரை வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு, அந்தப் பெயர் இல்லாத சொந்தக்காரன் கொடுக்கும் தொல்லை.

மேலே, வாட்டில்

பதிலுக்கு அவர்களின் மரம் நம்ம மலையில். கருப்பு வாட்டில் எனும் அகேசியா மியர்ன்சியின் பட்டையில் தோல் பதனிடும் டானின் இருக்கிறது. அதற்காகவும் விறகுக்காகவும் நீலகிரி, பழனி மலைகளில் நட்டார்கள். மூணாறு, வட்டவடை பக்கமும் தோட்டங்களாக வளர்ந்தது. ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனில் இருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்குப் போகும். அந்தப் பாதையின் மேல் முனையில் நின்று கேரளப் பக்கம் பார்த்தால், புல்வெளி இருந்திருக்க வேண்டிய சரிவுகளில் வாட்டில் நிற்கிறது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்ற சர்வதேசப் பட்டியலில் இதற்கு இடம் உண்டு.

இந்த மரத்தை வெட்டினால் மட்டும் போதாது. இதன் விதைக்குக் கெட்டியான தோல். மண்ணுக்குள் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும். தீயின் சூடு பட்டால் தோல் வெடித்து மொத்தமாக முளைக்கும். குரங்கணி என்றாலே பலருக்கும் 2018 மார்ச் 11 காட்டுத்தீயும், அதில் போன 23 உயிர்களும்தான் நினைவுக்கு வரும். அந்தத் தீக்கும் வாட்டிலுக்கும் முடிச்சுப் போட வேண்டாம். ஆனால் கோடையில் தீ வருவது வழக்கமாகிவிட்ட மலைத்தொடரில், தீக்காகக் காத்திருக்கும் விதைகள் மண்ணுக்குள் கிடக்கின்றன என்பதை வனத்துறைகள் கணக்கில் எடுத்துத்தான் ஆக வேண்டும். வட்டவடைக்கு அருகே ஆனமுடி சோலை தேசியப் பூங்காவின் பழத்தோட்டம் பகுதியில் அந்நிய மரங்களை அகற்றி, புல்லை மீண்டும் கொண்டுவரும் வேலை நடந்திருக்கிறது. ஒரு தடவை அகற்றிவிட்டுக் கிளம்ப முடியாது. முளைக்க முளைக்கப் பிடுங்க வேண்டும்.

பிளஸ் டூ படித்தது என்ன ஆச்சு?

அவரைக் குடும்பத்தை மூன்று துணைக்குடும்பங்களாகப் படித்தவர்களுக்கு ஒரு அப்டேட். பூ பட்டாம்பூச்சி மாதிரி இருந்தால் ஒன்று, கொன்றை மாதிரி இருந்தால் ஒன்று, தொட்டாச்சிணுங்கி மாதிரி உருண்டைப் பஞ்சாக இருந்தால் ஒன்று. 2017-ல் உலகம் முழுக்க உள்ள அவரைக் குடும்ப ஆய்வாளர்கள் 90-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து அதை ஆறாக மாற்றினார்கள். தொட்டாச்சிணுங்கி, கருவேலம், வாட்டில் எல்லாம் இருந்த துணைக்குடும்பம் தனி அந்தஸ்தை இழந்து, கொன்றை, ஆவாரை இருக்கும் துணைக்குடும்பத்துக்குள் ஒரு பிரிவாகப் போய்விட்டது. புளியமரமும் மந்தாரையும் வேறு வேறு துணைக்குடும்பம். மிளகுக்கொடி ஏற்றும் முள்முருங்கை, மொச்சை, துவரை எல்லாம் பழையபடி பட்டாம்பூச்சிப் பூ பக்கமே. சுமார் 19,500 சிற்றினங்கள் உள்ள குடும்பம் இது. இன்னும் பிரியும், சேரும்.

இந்த மாற்றம் எல்லாம் கடைக்கு வந்து சேரவில்லை. வீட்டில் சீகைக்காய் ஷாம்பு இருந்தால் பாட்டிலைத் திருப்பி, பின்பக்கச் சின்ன எழுத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ‘அகேசியா கன்சின்னா’ என்றே இருக்கும். அழகுசாதனப் பொருட்களுக்கான சர்வதேசப் பெயர்ப் பட்டியல் பழைய பெயரைத்தான் வைத்திருக்கிறது. குளிர்பானம், மிட்டாய் கவரில் வரும் ‘அகேசியா கம்’, அதாவது 414 என்ற எண் போட்ட பிசினும் அப்படியே. அந்தப் பிசின் முக்கியமாக எடுக்கப்படும் ஆப்பிரிக்க மரத்தின் இன்றைய பெயர் செனகாலியா செனகல்.